குளிர்க்காரி ஸோஷ்கா

ரெகினாவுக்கு வாய் நீளம் என்பது ரயில் பாதைக்குப் பின்னால், மாடிவீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு துண்டு நிலமும் குடிலும் வைத்திருந்த அந்தத் தோட்டக் காலனி முழுவதற்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால்தான் மருமகள் வருகிற வெள்ளிக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே கண்ணாடியைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிக்கொண்டாள்.

மருமகளை அவள் இன்னும் நேரில் பார்த்ததில்லை. வேலைக்கென்று லிஸ்பனுக்குப் போன மகன் ராடெக் அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து, அங்கேயே பதிவுத் திருமணமும் செய்துகொண்டான். ரெகினா அப்போது காலை ஒடித்துக்கொண்டு கிடந்தாள். லுப்லினில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே ஃபோனில் கல்யாணம் பார்த்தாள். பாதியில் படம் நின்றுபோனது. மோதிரம் மாற்றினார்களா என்பதையே அப்புறம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

பெண்ணின் அப்பா போலந்துக்காரர், அம்மா போர்ச்சுகல்காரி. பெயர் ஸோஃபியா. நன்றாகத்தான் பேசினாள், ஆனால் ரெகினாவை 'மேடம்' என்றாள். "ரெகினா மேடம், சாப்டீங்களா? ரெகினா மேடம், கால் வலி எப்படி இருக்கு?" மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பல் டாக்டரிடம்கூட மனிதர்கள் இதைவிட நெருக்கமாகப் பேசுவார்கள். இந்தப் பெண்ணுக்கு இங்கே மனசு ஒட்டாவிட்டால் மகனும் வரமாட்டான், பண்டிகைக்கு ஒரு ஃபோன் என்று ஆகிவிடும். ரெகினாவை அரித்துக்கொண்டிருந்த பயம் அது ஒன்றுதான்.

வருகிறவர்கள் ஹோட்டலும் வேண்டாம், ஐந்தாம் மாடி வீடும் வேண்டாம், தோட்டத்துக் குடிலிலேயே தங்குகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அது ஸோஃபியாவின் ஆசையாம். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் குடிலில் ஏற்கனவே குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் விளிம்பு, மேசை, கட்டில், கட்டிலுக்கு அடியில் என்று எங்கே பார்த்தாலும் தயிர்க் கோப்பைகளில் தக்காளி நாற்றுகள். பாதி ரெகினாவுடையவை. மீதி பக்கத்துத் தோட்டத்து ஸெனோனுடையவை. ஸெனோன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் குடிலில் வெயில் படாது என்பதால் வருடாவருடம் அவருடைய 'எருமை நெஞ்சு'த் தக்காளிகள் ரெகினா வீட்டுப் பிள்ளைகளாகத்தான் வளரும். ஒவ்வொரு பழமும் கைக்கு அடங்காது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரும் யாருக்கும் அடங்கமாட்டார்.

நாற்றுகள் அத்தனையும் வெளியே போகக் காத்திருந்தன. ஆனால் போக முடியாது. மே மாத நடுவில் மூன்று புனிதர்களின் நாட்கள் வரிசையாக வரும். அதுவரை பல்லைக் காட்டிக்கொண்டிருந்த வெயில் அவர்கள் வந்ததும் ஓடி ஒளிந்துகொள்ளும். ஊரார் அவர்களைக் 'குளிர்த் தோட்டக்காரர்கள்' என்பார்கள். மூன்று பேருக்கும் பின்னால், பதினைந்தாம் தேதி, கடைசியாக ஒருத்தி வருவாள். புனித ஸோஃபியா. ஆனால் தோட்டத்தில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது, 'குளிர்க்காரி ஸோஷ்கா'தான். அவள் ராத்திரி தாண்டுவதற்கு முன் தக்காளியை மண்ணில் வைக்கிறவனை அந்தக் காலனியில் யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை. இந்த வருடம் ஸோஷ்கா சனிக்கிழமையில் வந்தாள்.

விமான நிலையத்தில் ரெகினா கட்டிப்பிடிக்கக் கைகளை விரித்தாள். அதே நேரம் ஸோஃபியா கைகுலுக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை ரெகினாவின் வயிற்றில் இடித்தது. இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ராடெக் நடுவில் நின்று சிரித்தான், அவனுக்கு எல்லாமே வேடிக்கைதான்.

"ரெகினா மேடம், உங்கள நேர்ல பாத்ததுல ரொம்ப சந்தோஷம்" என்றாள் ஸோஃபியா. குட்டையான, சுருள் முடிப் பெண். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள்போல் சொன்னாள்.

"எனக்கும்தாம்மா" என்றாள் ரெகினா. அதற்குமேல் ஏதாவது சொன்னால் வம்பாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிய ரெகினா எவ்வளவு கடுகடுப்பாகத் தெரிவாள் என்பதை அவளிடம் யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் அந்தக் காட்சியை யாரும் பார்த்ததில்லை.

மாலையில் குடிலின் கட்டிலைக் காலி செய்ய நாற்றுகளையெல்லாம் தரைக்கும் அலமாரிக்கும் மாற்ற வேண்டியிருந்தது. ஸோஃபியா ஒவ்வொரு கோப்பையாகத் தூக்கிக்கொடுத்தாள். "எங்களால உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு" என்று மூன்று தடவை சொன்னாள். ராடெக் வெளியே அடுப்பு மூட்டித் தொத்திறைச்சியைக் கருக்கிக்கொண்டிருந்தான். லைலாக் பூத்து வேலி முழுக்க வாசனை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஸெனோன் தொப்பித் தலையை நீட்டினார்.

"என்ன ரெகினாம்மா, வந்தாச்சா?"

"வந்தாச்சு, வந்தாச்சு. உங்க எருமைங்க எல்லாம் இப்ப தரையில படுத்திருக்கு."

"படுக்கட்டும். அந்த ஸோஷ்கா கிளம்புற வரைக்கும் எதையும் தொட முடியாது. என்னத்தச் சொல்ல, அவளால எல்லா வேலையும் அப்படியே நிக்குது."

"நாளைக்கு ஒரு ராத்திரி பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கணும். ஞாயித்துக்கிழமை நமக்கு நிம்மதி" என்றாள் ரெகினா. மூடி வைத்திருந்த வாய்க்குத் தெரிந்த விஷயம் கிடைத்ததும் தாளவில்லை. "அவள நம்பவே கூடாது ஸெனோன். பகல்ல பாத்தா சிரிச்ச முகம். உள்ளுக்குள்ள அத்தனையும் ஐஸ்."

"குளிர்க்காரிதானே! போய்த் தொலைஞ்சான்னா அன்னிக்கே நட்டுருவோம்."

"ஒரு கிளாஸ் ஊத்திக் கொண்டாடிட்டு நடுவோம்" என்று ரெகினா சிரித்தபடி திரும்பினாள். குடில் வாசலில் முள்ளங்கியும் ரொட்டியும் வைத்த தட்டோடு ஸோஃபியா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, முகம் வெளிறிப்போயிருக்கு? குளிருதா?"

"இல்ல மேடம். குளிர்லாம் இல்ல."

"ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்றாள் ரெகினா. பெண் நல்ல பெண்தான், கொஞ்சம் ஒட்டாத சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனாள்.

புனித ஸோஃபியாவின் நாள் என்பதால் சனிக்கிழமை அந்தப் பெயருள்ள எல்லாருக்கும் பெயர்நாள். பிறந்தநாளைக்கூட மறக்கலாம், பெயர்நாளை மறந்தால் மன்னிப்பே கிடையாது. ரெகினா விடியற்காலையில் எழுந்து ரூபார்ப் தண்டு வெட்டிப் போட்டுக் கேக் சுட்டாள். புளிப்பும் இனிப்புமாக வந்திருந்தது. ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பள்ளத்தாக்கு லில்லிப் பூக்களைப் பிடித்துக்கொண்டு, கேட்டைக் காலால் தள்ளித் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே நின்றாள்.

பாத்தி முழுக்கத் தக்காளி. வேலியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை, கயிறு பிடித்ததுபோல் நேர்வரிசையில், பச்சைப் பசேலென்று தலையாட்டிக்கொண்டு நின்றன. வெறும் தயிர்க் கோப்பைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டுப் படிக்கட்டில் இருந்தன.

"எந்த மடச் சாம்பிராணிடா இது!" என்று ரெகினா போட்ட சத்தத்தில் வேலி மரத்துக் குருவிகள் பறந்தன. "இன்னிக்கு ஸோஷ்கா! மூளைய அடகு வச்சிட்டு வந்து யாருடா நட்டது!"

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஸோஃபியா எழுந்து நின்றாள். முழங்கால் வரை மண். கன்னத்தில் மண். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, ரெகினா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காணாமல் போனது.

"நான்தான் மேடம்" என்றாள். "எல்லாத்தையும் நட்டுட்டேன். உங்களுக்கு வேலை மிச்சமாகட்டும்னு…"

ரெகினாவின் வாய் திறந்தபடியே இருந்தது. சொன்ன சொல்லைத் திருப்பி விழுங்க ஏதாவது வழி இருந்தால் கேக்கோடு சேர்த்து விழுங்கியிருப்பாள்.

சத்தம் கேட்டு ஸெனோன் வந்துவிட்டார். பின்னாலேயே காலனித் தலைவி பெலாஜியாவும் வந்தாள். வேலி உயரம், குப்பைக் குழி, நாய்க் கயிறு என்று எல்லாவற்றுக்கும் விதி வைத்திருப்பவள். ஸெனோன் பாத்தியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். சாவு வீட்டுக்குப் போனால் அப்படித்தான் கழற்றுவார்.

"என் எருமைங்களுமா?" என்றார் ஈனக் குரலில்.

"எல்லாமே" என்றாள் ஸோஃபியா.

ராடெக் ஒரு பக்கத் தலைமுடி நட்டுக்கொண்டு நிற்க, கண்ணைக் கசக்கியபடி வெளியே வந்தான். "என்னாச்சு? யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ராத்திரி சாகும்" என்றாள் பெலாஜியா. "ரேடியோவுல சொல்லிட்டான், இன்னிக்கு ராத்திரி உறைபனி. ஏம்மா, ஸோஷ்கா போறதுக்கு முன்னாடி நடக்கூடாதுன்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

ஸோஃபியா அழவில்லை, நிமிர்ந்து நின்றுகொண்டாள்.

"சொன்னாங்க. நேத்து வேலிகிட்ட பேசிக்கிட்டது என் காதுல விழுந்துச்சு. ஸோஷ்கா போற வரைக்கும் வேலை நிக்குதுன்னு. ஞாயித்துக்கிழமை கிளம்பினா நிம்மதின்னு. உள்ளுக்குள்ள ஐஸ்னு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்க அப்பா என்னை ஸோஷ்கான்னுதான் கூப்பிடுவாரு. நான் விமான நிலையத்துல கை நீட்டினது தப்பு, எனக்கே தெரியும். பதட்டத்துல நீட்டிட்டேன். நாங்க ஞாயித்துக்கிழமைதான் போறோம், அதுவரைக்கும் உங்க வேலை என்னால நிக்க வேணாமேன்னு… அதான் நட்டேன்."

ரயில் ஒன்று தடதடவென்று கடந்துபோனது.

முதலில் ராடெக்தான் வெடித்தான். சிரித்துச் சிரித்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். "ராத்திரி என்கிட்ட கேட்டா! 'உங்கம்மாவுக்கு நான் எப்ப போவேன்னு இருக்கா'ன்னு கேட்டா! நான் தூக்கத்துல, 'எங்கம்மா அப்படித்தான், நீ தூங்கு'ன்னுட்டேன்!"

"தடியா!" என்றாள் ரெகினா. அடிக்கக் கையை ஓங்கினாள், கையில் லில்லிப் பூ இருந்தது.

ஸெனோன்தான் தொப்பியைக் கசக்கிக்கொண்டே விளக்கினார். புனிதர்கள், பனி, காலண்டர், ஸோஷ்கா என்று எல்லாவற்றையும் சொன்னார். ஸோஃபியா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "அப்ப அது… ஒரு தேதியா?" என்றாள்.

"தேதிதாம்மா. வெறும் தேதி."

ஸோஃபியா இரண்டு மண்கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பெலாஜியா கைக்குட்டையைத் தேடினாள். பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய சிரிப்பு அந்தச் சின்ன உடம்புக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மற்றவர்களையும் அது பிடித்துக்கொண்டது. விதிமுறை பெலாஜியாகூட வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ரெகினாவும் சிரித்தாள், ஆனால் நெஞ்சுக்குள் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. ராத்திரி முழுக்க இந்தப் பெண் தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போயிருப்பேன். இவளோ எழுந்து தோட்ட வேலை செய்திருக்கிறாள். ரெகினாவுக்கு வெட்கமாக இருந்தது. அதற்கும் மேலே, அந்தப் பெண்ணின் மேல் ஆசை பொங்கிக்கொண்டு வந்தது.

"சரி, சிரிச்சது போதும்" என்றார் ஸெனோன். "திருப்பித் தோண்டி எடுத்துக் கோப்பையில வச்சிருவோம். வேர் கொஞ்சம் அறுபடும். பாதியாவது பிழைக்கும்."

"ஒண்ணயும் தோண்டக்கூடாது" என்றாள் ரெகினா.

"ரெகினாம்மா, உறைபனி…"

"எனக்கும் ரேடியோ இருக்கு. என் மருமக எனக்காக நட்டது. நட்டது நட்ட இடத்துலயே இருக்கும். மூடி வைப்போம்."

"என் எருமைங்களும்தானே அதுல இருக்கு?"

"அதுங்களும் இருக்கும்."

ஸெனோன் ரெகினாவைப் பார்த்தார். பிறகு ஸோஃபியாவைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு நாற்றின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார். "கழுத்து வரைக்கும் புதைச்சிருக்கா" என்று முணுமுணுத்தார். "கஞ்சத்தனம் இல்லாத கை." அதுவே அவருடைய சம்மதம்.

எதைக் கொண்டு மூடுவது? வழி சொன்னவள் பெலாஜியா. ஊறுகாய் போட்ட கண்ணாடி ஜாடிகள். வெள்ளரியும் முட்டைக்கோசும் தீர்ந்துபோய் வசந்தத்தில் ஒவ்வொரு குடிலிலும் காலி ஜாடிகள் தூசி படிந்து கிடக்கும். அரை மணி நேரத்தில் விஷயம் காலனி முழுக்கப் பரவிவிட்டது. புதுப்பெண் தன்னைத்தான் துரத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்ட கதைதான் முதலில் பரவியது, ஜாடி வேண்டும் என்பது பின்னால். கேட்டவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்கள், ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. ராடெக் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தான். ஜாடி தீர்ந்ததும் வாளி வந்தது, சூப்புப் பானை வந்தது, விளக்குக் கூடு வந்தது. ஒருவர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார்.

"அது எதுக்கு?" என்றாள் ரெகினா.

"உங்க மருமகளுக்குத்தான். உங்ககூட இருக்கப்போறாளே, தலைக்குப் பாதுகாப்பு."

மற்ற நாளாக இருந்தால் அந்த மனிதர் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். இன்று ரெகினா ஹெல்மெட்டை வாங்கி ஓர் எருமையின் மேல் கவிழ்த்தாள்.

மாலை வெயில் சாய்கிற நேரத்தில் பாத்தி முழுக்கக் கண்ணாடி மின்னியது. எல்லாவற்றுக்கும் மேலே பெலாஜியா தன் வீட்டுப் பழைய ஜன்னல் திரைகளைக் கொண்டுவந்து விரித்தாள். பூ வேலை செய்த வெள்ளைத் திரைகள். தக்காளிகளுக்குத்தான் கல்யாணம் என்று யாரோ சொன்னார்கள்.

"கல்யாணம்னதும் ஞாபகம் வருது, நான்தான் இவங்க கல்யாணத்துக்கு வரலையே!" என்றாள் ரெகினா. "படம் பாதியில நின்னுபோச்சு. மோதிரம் போட்டத நான் பாக்கவே இல்ல."

அப்புறம் என்ன? மண் அப்பிய கையோடு ராடெக்கும் ஸோஃபியாவும் மோதிரத்தைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். ரெகினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேக்கை வெட்டினாள். பெயர்நாள் பாட்டைக் காலனியே பாடியது, ஒருவர் சுருதியும் இன்னொருவரோடு சேரவில்லை. ஸோஃபியா ஸெனோனை விடவில்லை. எப்போது ஜாடியை எடுக்கலாம், எடுத்ததும் தண்ணீர் விடலாமா என்று கேள்வி மேல் கேள்வி. அவரும் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பேச்சைக் கடைசி வரை கேட்கும் ஆளைக் கண்ட சந்தோஷத்தில் இருந்தார்.

ஆனால் போகும்போது, "குட் நைட், ரெகினா மேடம்" என்றாள் ஸோஃபியா. ரெகினா தலையாட்டினாள். ஒரே நாளில் எல்லாம் கேட்டால் கிடைக்குமா என்று பஸ்ஸில் தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

ராத்திரி ஸோஷ்கா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ரெகினா கேட்டைத் திறந்தபோது புல் வெள்ளையாக மொறுமொறுத்தது. தண்ணீர்த் தொட்டியில் மெல்லிய ஐஸ். சூரியன் ரயில் பாதைக்கு மேலே இப்போதுதான் தலை காட்டிக்கொண்டிருந்தது. ஸெனோன் ஏற்கனவே பாத்தி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார், கையில் பூவாளி, கரண்டி. ஒவ்வொரு வருடமும் இந்தக் காலையில் அதைத் தட்டிக்கொண்டு காலனியைச் சுற்றுவது அவர் வழக்கம்.

அவர் கரண்டியை ஓங்கினார். "ஸோஷ்கா போயி…" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

குடில் கதவு திறந்தது. ரெகினாவின் பழைய கோட்டுக்குள் தொலைந்துபோனவள்போல் ஸோஃபியா வெளியே வந்தாள். "எந்த ஸோஷ்கான்னு தெளிவாச் சொல்லுங்க ஸெனோன் சார்" என்றாள்.

"அந்த ஸோஷ்கா! வேண்டாத ஸோஷ்கா!" என்று கத்திவிட்டு அவர் பூவாளியைத் தட்டத் தொடங்கினார்.

ரெகினாவுக்குப் பொறுக்கவில்லை. திரைகளை விலக்கினாள். ஜாடிகள் எல்லாம் உள்ளே ஆவி படிந்து பால் நிறமாக இருந்தன, செடி இருக்கிறதா செத்ததா என்று தெரியவில்லை. முதல் ஜாடியின் அடியைப் பிடித்து லேசாகத் தூக்கினாள். உள்ளே பச்சை தெரிந்தது. நிமிர்ந்து நின்றது. இன்னும் கொஞ்சம் தூக்கினாள்.

"அம்மா! கைய எடுங்க!"

தோட்டமே அதிர்ந்தது. ஸெனோனின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"வெயில் ஏறாம தூக்கக்கூடாதுன்னு நேத்து அவ்வளவு சொன்னாரே! சில்லுன்னு காத்துப் பட்டா இலை கருகிடும்! வைங்க கீழ!" ஸோஃபியா கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உறைபனிமேல் ஓடிவந்தாள். ரெகினாவின் கையைத் தட்டிவிட்டு, ஜாடியைத் தானே மண்ணில் அழுத்தி வைத்தாள். "கொஞ்சம்கூடப் பொறுமையே கிடையாதா உங்களுக்கு?"

அந்தக் காலனியில் ரெகினாவை அதட்டிவிட்டு முழுசாகத் திரும்பிப் போனவர்கள் யாரும் இல்லை. ஸெனோன் இரண்டடி பின்வாங்கினார், தள்ளி நின்று பார்ப்பது நல்லது என்று.

ரெகினா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரிடி" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

தான் எப்படிக் கூப்பிட்டோம் என்பதை ஸோஃபியா கவனித்ததாகவே தெரியவில்லை. குனிந்து அடுத்த ஜாடியைக் கன்னத்தால் தொட்டு, குளிர் விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் மெதுவாக வேலியைத் தாண்டி வந்தது.

ரெகினா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு யாருக்கும் தெரியாததுபோல் இன்னொரு ஜாடியில் வேண்டுமென்றே கை வைத்தாள்.